தூது போனது போதும்

கேள்வி: நான் பெங்களூரில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான்காம் வருடம் பிஎச்.டி. செய்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் எங்கே அழுத்தம் கூடுகிறது என்று அளக்கும் சென்சார் அட்டைதான் என் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் ஒருவர் கைடு, மருத்துவமனை டாக்டர் ஒருவர் கோ-கைடு. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அவர் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவரிடமும், மனம் நோகாதபடி கொஞ்சம் மாற்றி நான்தான் கொண்டுபோவேன். வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவில் சின்ன வயதிலிருந்தே இதே வேலை என்பதால் பழக்கம்தான். இப்போது கருவியும் முடியவில்லை, பேப்பரும் இல்லை. இரண்டு துறையைச் சேர்த்து எடுத்ததே தப்பா? யாரை விடட்டும்?
வாசகி, அல்சூர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: இரண்டு துறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று எனக்கு எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர். எல்லோரும் தைரியம் சொல்லுங்கள் என்றுதான் கேட்பார்கள். உனக்கு நான் அதைச் சொல்லப் போவதில்லை. இன்டர்டிசிப்ளினரி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கும் வரப் போவதில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்று புலம்பிவிட்டு, அடுத்த வரியிலேயே, ஏதோ காபி போட்டுக் கொடுப்பேன் என்பதுபோல, மாற்றிச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாயே, அவர்கள் எங்கே அம்மா இழுத்தார்கள்? வேறு வேறு திசையில் போகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நீ.

இடமில்லாமல் சுருக்கிய பகுதியில் நீயே ஓர் உதாரணம் தந்திருந்தாய். டாக்டர் அம்மா இரண்டாம் வருடமே சொல்லிவிட்டார். என்னிடம் வருகிறவர்கள் செருப்பு போடுகிறவர்கள், வீட்டுக்குள் அதுவும் கிடையாது, ஷூவுக்குள் வைக்கிற அட்டை இவர்களுக்கு எதற்கு, எட்டு சென்சார் போதும், ஓ.பி.யில் பத்து நிமிடத்தில் அளக்கிற மாதிரி செய் என்று. நீ பேராசிரியரிடம் போய் என்ன சொன்னாய்? "மேடம் ஓகே சொல்லிட்டாங்க சார், கொஞ்சம் சிம்பிளா இருந்தா நல்லதாம்." அவர் அதை நம்பி, ஷூவுக்கான 64 சென்சார் அட்டையிலேயே உன்னை உட்கார வைத்தார். ஷூவுக்குள் இருக்கும் சூட்டிலும் வியர்வையிலும் அளவு நகர்ந்துபோகிறது, அதைச் சரிசெய்யவே ஒன்றரை வருடம் போயிற்று. டாக்டரிடமோ, "சார் செருப்புக்கும் யோசிக்கிறார் மேடம்." அவர் யோசிக்கவே இல்லை. செருப்பு என்ற பேச்சே அவர் காதுக்குப் போகவில்லை.

வீட்டுப் பழக்கம் என்கிறாய். வீட்டு விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். "இவளுக்குக் குழம்பு வைக்கவே தெரியல" என்று பாட்டி சொன்னதை, "பாட்டிக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேணுமாம்" என்று அம்மாவிடம் கொண்டுபோகிற ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில்தான் இரண்டு தலைமுறை ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறது. மாமியாரை ஒதுக்கிவிட்டுத் தனியே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற கட்சி இல்லை நான். அங்கே நீ செய்வது கடமை, செய்துகொண்டே இரு. ஆனால் உன் கைடுகள் மாமியார் மருமகள் இல்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்க வேண்டும் என்பதற்காகத்தான் உனக்கு இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். ஷூவா செருப்பா, துல்லியம் முக்கியமா நாலு பேர் பயன்படுத்துவது முக்கியமா என்ற அந்தச் சண்டைதான் உன் தீசிஸ். அதை இரண்டு வருடமாக நடக்கவிடாமல் நீ சமாதானம் செய்துகொண்டிருக்கிறாய்.

உன் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்குத் தனிப் பிரிவு தொடங்கிய ஜி.என். ராமச்சந்திரனைப் பற்றி உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இயற்பியல்காரர், புரதத்தில் கை வைத்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து தோலுக்கும் எலும்புக்கும் வலு தருகிற கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு வடிவம் சொன்னார். அந்த மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கிக் கிடக்கின்றன என்று டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன இருவரில் ஒருவரான ஃப்ரான்சிஸ் கிரிக்கும், அவரோடு அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள், அதுவும் அச்சிலேயே. சரி, எவ்வளவுதான் நெருங்கலாம், பார்த்துவிடுவோம் என்று இவர் கிளம்பியதில்தான் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட வரைபடம் பிறந்தது. ஒரு புரதத்தின் வடிவம் சரியா என்று பார்க்க இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள். நடுவில் உன்னை மாதிரி நல்ல பிள்ளை ஒருத்தி நின்று, "கிரிக்குக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம் சார், சின்னதா ஒரு சந்தேகம்தானாம்" என்று சொல்லியிருந்தால்?

எனக்குக் கோபம் வருவது இதனால்கூட இல்லை. சர்க்கரை முற்றி நரம்பு மரத்துப்போனவருக்குச் செருப்பில் கல் கிடந்தாலும் தெரியாது. பாதத்தின் முன்பக்கம் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து, காய்ப்பு ஏறி, அதற்கடியில் புண்ணாகி, விரலை எடுத்து, சிலருக்குக் காலையே எடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நீ கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு நடந்து காட்டியிருக்கிறார்கள். ஷூவில் எடுத்த அந்த அளவு அவர்களுக்கு உதவாது என்று டாக்டர் சொன்னது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று பார்த்தாய், இவர்கள் உன் கணக்கிலேயே வரவில்லை.

அந்த இரண்டு பெரியவர்களும் இத்தனை நாளில் ஒரு போன்கூடப் போட்டுப் பேசிக்கொள்ளவில்லை என்பதும் வெட்கக்கேடுதான், ஆனால் எனக்கு எழுதியது அவர்கள் இல்லையே.

யாரையும் விட வேண்டாம். இருவரையும் ஒரே அறையில் உட்கார வை, முடிந்தால் ஓ.பி. நடக்கிற நாளில் மருத்துவமனையிலேயே. பேராசிரியர் வரிசையில் நிற்கிற கால்களைப் பார்க்கட்டும். அதற்கு முன் ஒரே பக்கத்தில் எழுது: எத்தனை சென்சார், ஷூவா செருப்பா, எத்தனை நோயாளி, எந்தப் பேப்பரில் யார் பெயர் முதலில். அதில் இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்பதும் இருக்க வேண்டும். திட்டுவார்கள், வாங்கிக்கொள். என்ன முடிவானதோ அதை அன்றைக்கே இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்பு. இனி இவர் சொன்னார் என்று அவரிடம் வாயால் எதுவும் கொண்டுபோகாதே. முடிவுக்கு வராவிட்டால் உன் ஆய்வை மேற்பார்க்கிற டாக்டோரல் கமிட்டி எதற்கு இருக்கிறது, அங்கே கொண்டுபோ. ஃபெல்லோஷிப் பொதுவாக ஐந்து வருடம்தான், அதனால் இந்த மாதமே செய்.

இரண்டு துறை படித்தவளை எந்த டிபார்ட்மெண்ட் வேலைக்கு எடுக்கும் என்றும் கேட்டிருந்தாய். நியாயமான பயம்தான், ஆனால் முதலில் ஒரு பேப்பர் வரட்டும்.

செருப்புக்கு மாறுவது என்று முடிவானால், சோதனை முறை மாறுகிறது என்று எத்திக்ஸ் கமிட்டியிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், பழைய படிவத்தை வைத்து ஓட்டிவிடாதே. நோயாளிகளைத் திரும்பக் கூப்பிடும்போது ஏன் மறுபடி வரச் சொல்கிறாய் என்பதை ஒளிக்காமல் சொல். போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலியையும் ப்ராஜெக்ட் பணத்திலிருந்து கொடுக்க அனுமதி கேள்.