வாசகர் கேள்வி பதில்: வீடு கட்டுறதுக்கு முன்னாடி எங்களை யாரு கேட்டாங்க?

கேள்வி: நாங்க இருக்கிறது குடிசை மாற்று வாரியம் கட்டின பழைய பிளாக். இடிச்சுட்டு புதுசா கட்டித் தர்றோம்னு ஒரு மீட்டிங் போட்டாங்க, அரை மணி நேரம் பேசினாங்க, ஆளாளுக்கு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. இதுதான் கருத்துக் கேட்பா? நாங்க என்னதான் கேட்கணும்?
– வாசகி, வடசென்னை

பதில்: கையெழுத்து வாங்கினா அது சம்மதம், கருத்துக் கேட்பு இல்லைம்மா. பிளான் மேஜைக்கு வர்றதுக்கு முன்னாடி கேட்டாத்தான் அது கருத்து. ஆனா இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, காலி பண்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல கணக்கெடுப்பு லிஸ்ட். அலாட்மென்ட் யார் பேர்ல இருக்கு, அவங்க இறந்துட்டா வாரிசு பேர் ஏறியிருக்கா, ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம் இருந்தா அதை எப்படி எழுதியிருக்காங்க, இதெல்லாம் இப்ப பார்க்காம விட்டா அப்புறம் வருஷக்கணக்கா அலையணும். லிஸ்டை உங்க பிளாக்ல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி ஒட்டச் சொல்லுங்க. ஒட்டலைன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும்.

அடுத்தது வாடகை. கட்டி முடிக்கிற வரைக்கும் வெளிய இருக்க கருணைத் தொகைன்னு குடுக்கிறாங்க, முன்னாடி 8,000 ரூபாயா இருந்தது 24,000 ஆச்சு, அது மாசாமாசம் வர்ற பணம் இல்லை, மொத்தமே அவ்வளவுதான். உங்க ஏரியாவுல ஒரு சின்ன ரூமுக்கு அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா. அதனால எந்த தேதிக்குள்ள வீடு திரும்பக் கிடைக்கும், நாங்க கட்ட வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு, எத்தனை மாடி, கரண்ட் போனா லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, அதுக்கு டீசல் யார் போடுவாங்க, முடியாத பெரியவங்களுக்கு கீழ்த்தளம் உண்டா, எல்லாத்தையும் தமிழ்ல எழுதி கேட்டு தமிழ்லயே எழுத்துல பதில் வாங்குங்க. வாயால சொன்னது அந்த அதிகாரி டிரான்ஸ்ஃபர் ஆன அன்னைக்கே போயிடும்.

கேள்வி: சென்னைக்கு தெற்கால கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஆயிரக்கணக்குல வீடு கட்டிக் குடுத்தும் ஜனங்க ஏன் குறை சொல்றாங்க? ஓலைக் குடிசைக்கு கான்கிரீட் வீடு மேல் இல்லையா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வீடு மேல்தான் சார், இடம்தான் பிரச்சினை. கண்ணகி நகர்ல மட்டும் 15,000 வீட்டுக்கு மேல, பெரும்பாக்கத்துல 20,000க்கு மேல. கூவம் கரையில இருந்து எடுத்த குடும்பங்களை ரொம்ப தூரம் தள்ளிக் கொண்டுபோய் வெச்சாங்க. வீட்டு வேலைக்குப் போற அம்மா நடந்து போய் நாலு வீடு முடிச்சுட்டு பிள்ளை ஸ்கூல் விடுறதுக்குள்ள திரும்பி வந்தவங்க, அங்க போனதும் ரெண்டு பஸ் மாறணும், காலையில முதல் வீட்டுக்கு லேட்டாப் போனா வேலையே போயிடும். நடு வருஷத்துல மாத்தினதால படிப்பை விட்ட பசங்களும் உண்டு. பெரும்பாக்கத்துல எட்டு அடுக்கு, லிஃப்ட் நின்னா ஏழாவது மாடிக்கு தண்ணிக் குடத்தோட ஏறணும்.

இடம் எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட "நீ எங்க வேலைக்குப் போற"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா இதுல பாதி கஷ்டம் வந்திருக்காது. இது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம். 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்போ குடிசை இருந்த இடத்துலயே மாடி வீடு கட்டினாங்க, மெரினாவுக்குப் பக்கத்துலயும் அப்படிக் கட்டினாங்க. 2021ல வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாத்தினாங்க, அதே வருஷம் மறுகுடியமர்வுக் கொள்கைன்னு ஒரு வரைவும் போட்டு மக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க. கேட்டது நல்லது, ஆனா வெப்சைட்ல போட்டா போதுமா, கரையோரக் குடிசையில இருக்கிறவங்க அதை எங்க போய்ப் படிப்பாங்க?

கேள்வி: கிராமசபை மாதிரி டவுன்ல எங்களுக்கு எதுவும் இல்லையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இருக்கு தம்பி, ஏரியா சபை. கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, டவுனுக்கு 2022ல தான் விதி வந்து அந்த நவம்பர் 1ல கூட்டம் போட்டாங்க. உங்க பகுதி வாக்காளர் எல்லாரும் அதுல உறுப்பினர். நிறைய பேர் அங்க போய் தெரு லைட்டு, சாக்கடையோட நிறுத்திடுறாங்க, அதுவும் வேணும்தான், ஆனா வாடகை கட்ட முடியாம திணறுற குடும்பம் எங்க வார்டுல எத்தனை, காலியா கிடக்கிற அரசு நிலம் எது, அங்க வீடு கட்டலாமான்னும் பேசலாம். புறம்போக்கா ஆக்கிரமிப்பான்னு சர்வே நம்பரோட எழுதிட்டுப் போங்க, பேசினது மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல ஏறுதான்னு நின்னு பாருங்க.

கேள்வி: மாஸ்டர் பிளான்னா நமக்கு என்ன சம்பந்தம்?
– வாசகர், மதுரை

பதில்: மாஸ்டர் பிளான்னா ஊர்ல எந்த நிலம் எதுக்குன்னு போடுற திட்டம். எந்த சர்வே நம்பர்ல வீடு வரலாம், எதுல வரக்கூடாதுன்னு அதுலதான் இருக்கு. 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு வெளியிட்டதும் யார் வேணும்னாலும் ஆட்சேபம், ஆலோசனை எழுத்துல தரலாம், அதுக்கு டைம் குடுக்கணும். தனித்தனியா எழுதுறதை விட தெருவே சேர்ந்து ஒரே மனுவா, மேப்ல உங்க இடத்தைக் குறிச்சு குடுங்க. மறக்காம ரசீது வாங்கிக்கோங்க.