வேலை இருக்கும் பழைய கிட்டார்: வாங்கலாமா, விடலாமா? கேள்வி பதில்

பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று கண்ணில் படுகிறது, விலையும் கைக்கு எட்டுகிறது, ஆனால் ரிப்பேர் இருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பதில் சொல்பவன் ரிப்பேர் மேசைக்காரன், விற்பவன் இல்லை. அதனால் சில பதில்கள் கசக்கலாம்.

அண்ணா, ஒருவர் யமஹா எஃப்ஜி-180 விற்கிறார். உள்ளே சிவப்பு லேபிள். ஸ்ட்ரிங் ரொம்ப உயரம், 12வது ஃபிரெட்டில் அழுத்தினால் விரல் வலிக்கிறது. ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்கிறார். நம்பலாமா? (மதுரை)

நம்பாதீர்கள் தம்பி. ட்ரஸ் ராட் என்பது கிட்டாரின் கழுத்துக்குள், அதாவது நெக்குக்குள், ஓடும் இரும்புக் கம்பி. அது நெக்கின் வளைவைச் சரிசெய்யும், அவ்வளவுதான். நெக் உடம்போடு சேரும் கோணத்தை அதால் மாற்ற முடியாது. ஸ்டீல் ஸ்ட்ரிங்கின் இழுவை எல்லாம் சேர்த்து சுமார் 70 கிலோ. ஐம்பது வருடம் அதைத் தாங்கிய பெட்டியில் பெரும்பாலும் முதலில் போவது அந்தக் கோணம்தான்.

பார்க்கப் போகும்போது இரண்டடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கொண்டுபோங்கள். ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே, நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் தலைமேல் நீளவாக்கில் படுக்கவைத்து, மேல்பலகையில் ஸ்ட்ரிங் கட்டியிருக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போனால் கவலையில்லை. பிரிட்ஜின் முகத்தில் முட்டி நின்றால் கோணம் இறங்கிவிட்டது.

அப்புறம் ஒரு கணக்கு. 12வது ஃபிரெட்டில் தடித்த ஸ்ட்ரிங்கின் உயரம் 4.5 மி.மீ., உங்களுக்கு வேண்டியது 2.5 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 2 மி.மீ. இறங்க, பிரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டையான சாடிலில் 4 மி.மீ. தேய்க்க வேண்டும். நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டையான நட்டுக்கும் சாடிலுக்கும் சரிபாதியில் 12வது ஃபிரெட் இருப்பதால் இந்த இரட்டிப்பு. சாடில் வெளியே தெரிவதே 2 மி.மீ. என்றால் தேய்க்க என்ன மிச்சம்? அப்போது ஒரே வழி நெக் ரீசெட். மூட்டுக்குள் நீராவி விட்டு நெக்கைக் கழற்றி, அடியில் சீவி, புதுக் கோணத்தில் திரும்ப உட்கார வைப்பது.

சிவப்பு லேபிள் என்றால் 1966 முதல் 70களின் தொடக்கம் வரை ஜப்பானில் நிப்பான் காக்கி (யமஹா கம்பெனியின் அன்றைய பெயர்) செய்தது. சத்தம் அருமையாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேல்பலகை பிளைவுட். நெக்கும் லேசில் கழன்று வராது. அமெரிக்க மார்ட்டின் கிட்டாரின் நெக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுபவர்கள்கூட இதைக் கண்டால் தயங்குவார்கள். சாடிலில் தேய்க்க இடம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் விடுங்கள். ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் குழாயை அதன்மேல் நகர்த்தி ஸ்லைடு மட்டும் வாசிப்பேன் என்றால் அந்த உயரம் வசதிதான், அது வேறு கதை.

மேல்பலகையில் பிரிட்ஜுக்குக் கீழே அரையடி நீளத்துக்கு விரிசல். பாதி விலைக்குத் தருகிறார். பயமாக இருக்கிறது. (கோவை)

நெக் கோணம் சரியாக இருந்தால், எனக்கு இந்தக் கிட்டார்தான் பிடிக்கும். மரத்தின் ரேகையோடு போகும் விரிசல் பார்க்கத்தான் பயங்கரம். பசை ஏற்றி, அழுத்திப் பிடித்து, உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டினால் வேலை முடிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் விரிசலைக் கண்டு ஓடுவதால்தான் உங்களுக்குப் பாதி விலை கிடைக்கிறது.

நான் பயப்படுவது முன்பே யாரோ 'சரிசெய்த' விரிசலுக்குத்தான். எபாக்ஸி வழிந்து இறுகியிருக்கும், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பழைய நல்ல கிட்டார்கள் பலவற்றில் இருப்பது நம் தச்சர்களின் வச்சிரம் போன்ற தோல் பசை. சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும், அதனால்தான் அவற்றைப் பிரித்து மறுபடி சேர்க்க முடிகிறது. எபாக்ஸி அப்படி விடாது. அதே காரணத்தால், வாங்கிய கிட்டாரைச் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

விரல் முட்டியால் மேல்பலகையையும் பின்பலகையையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். எங்கேயாவது 'கிர்ர்' என்றால் உள்ளே பலகையைத் தாங்கும் மரச்சட்டம் (பிரேஸ்) கழன்றிருக்கிறது. அதுவும் ஒட்டிவிடக்கூடியதுதான், ஆனால் விலை பேசும்போது சொல்ல வேண்டியது.

டொரண்டோவில் 70களின் மார்ட்டின் டி-18 ஒன்று கிடைக்கிறது. கறுப்பு பிக்கார்டின் ஓரமாக விரிசல். ஊருக்குத் திரும்பும்போது சென்னைக்குக் கொண்டுவர எண்ணம்.

அந்த விரிசல் அந்தக் கால மார்ட்டின்களின் வழக்கமான வியாதி. மேல்பலகையில் கீறல் படாமல் காக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டை வெறும் மரத்தின் மேல் ஒட்டி, அதன்மேல் லாக்கர் அடித்தார்கள். பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கும்போது கீழே இருக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தைக் கிழித்துக்கொண்டு சுருங்கும். கழற்றி, விரிசலை மூடி, திரும்ப ஒட்டிவிடலாம்.

நெக் ரீசெட் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வயது மார்ட்டினுக்கு ஒருமுறையாவது தேவைப்பட்டிருக்கும். நடக்கவில்லை என்றால் அங்கேயே செய்துகொண்டு வாருங்கள். சில நூறு டாலர் ஆகும், ஆனால் பழகிய கைகள் அங்கே அதிகம். நெக்கின் வளைவையும் பாருங்கள். 1985க்கு முன் மார்ட்டினில் திருகக்கூடிய ட்ரஸ் ராட் கிடையாது, வளைந்திருந்தால் அது தனிச் செலவு. வருடத்தை அவர் வாயால் கேட்க வேண்டாம். உள்ளே நெக் சேரும் மரக்கட்டையில் (நெக் பிளாக்) சீரியல் எண் பொறித்திருக்கும், எந்த எண் எந்த வருடம் என்று கம்பெனியே பட்டியல் போட்டிருக்கிறது.

டி-18க்கு மஹோகனி உடம்பு, அந்த மரத்தால் எல்லையில் பிரச்சினை வராது. 1969 வரை வந்த டி-28 என்றால் பின்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கும். அது 1992இலிருந்து சைட்டீஸின் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

இன்னொன்று. கனடாவின் குளிர்கால ஹீட்டர் காற்றில் காய்ந்த மரம் சென்னைக் காற்றில் ஊதும். மேல்பலகை எழும்பி ஸ்ட்ரிங் உயரம் கூடும். வந்த கையோடு சாடிலைத் தேய்த்துவிடாமல் சில வாரம் விட்டுவையுங்கள்.

போட்டோ பார்த்து மட்டுமே வாங்க வேண்டிய நிலை. என்னென்ன படம் கேட்பது? (திருச்சி)

அழகான முன்பக்கப் படம் எதற்கும் உதவாது. சாடிலைப் பக்கவாட்டில் மிக அருகில் எடுத்த படம், ஹெட்டிலிருந்து நெக் வழியே கீழே நோக்கி எடுத்த படம், பிரிட்ஜின் பின்விளிம்பு, நெக்கின் அடிப்பாகம் உடம்போடு சேரும் இடம். 12வது ஃபிரெட்டில் ஸ்கேலை நிறுத்தி ஒரு படம். பிரிட்ஜின் பின்னால் ஒரு காகிதத்தைச் செருகச் சொல்லுங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்கியிருக்கிறது. இதையெல்லாம் எடுத்து அனுப்பச் சலித்துக்கொள்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

தாத்தாவின் கிட்டார், கல்கத்தாவில் செய்தது. நைலான் கிட்டாருக்கு யாரோ ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டுவிட்டார்கள், பிரிட்ஜ் பிய்ந்து மேல்பலகை வயிறு தள்ளிவிட்டது. பெரியப்பா என்னிடம் விலை கேட்கிறார்! (தஞ்சாவூர்)

நைலான் செட்டின் இழுவை சுமார் 40 கிலோ. அதற்குச் செய்த பெட்டியில் 70 கிலோவை ஏற்றினால் வேறென்ன ஆகும். சந்தை விலை என்று பார்த்தால் ரிப்பேர் கூலியே கிட்டாரைத் தாண்டிவிடும். பெரியப்பாவிடம் விலை பேசாமல் கேட்டுப் பாருங்கள், கொடுத்துவிடுவார். பிரிட்ஜை ஒட்டி நைலான் போட்டு வீட்டில் வாசிக்கலாம், அதற்குமேல் செலவு செய்யாதீர்கள்.

எவ்வளவு விலை சொல்வது என்றே தெரியவில்லை. (சேலம்)

அதே மாடல், வேலை எதுவும் இல்லாமல், என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். விற்பவர் சொல்லும் விலை வேண்டாம், விற்றுப்போன விலை. அதிலிருந்து ரிப்பேர் கூலியைக் கழியுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் கழியுங்கள், ஏனென்றால் கழற்றிப் பார்க்கும்போது இன்னொன்று வெளியே வரும். மிச்சம்தான் நீங்கள் சொல்ல வேண்டிய விலை. சண்டைக்கு வந்தால் வரட்டும்.

முதல் கிட்டாராகப் பழையது வாங்கலாமா?

வேண்டாம். கற்றுக்கொள்ளும்போது வலிப்பது விரலா கிட்டாரா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

உறைக்குள் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்கிறது. (நாகர்கோவில்)

உளுத்தூள். புதுத் துளையும் புதுத் தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரிக்கும் வரும். தொடவே தொடாதீர்கள்.

வாங்கிவிட்டேன். பாலிஷ் மங்கிக் கிடக்கிறது, தேய்த்துப் புதிதாக அடித்துவிடலாமா? (ஈரோடு)

பழைய நல்ல கிட்டார் என்றால் அடிக்காதீர்கள், அதன் விலையில் பெரிய பங்கு அந்த மங்கலோடு போய்விடும். லேசாக ஈரம் தொட்ட பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. சிலிகான் கலந்த பாலிஷ் எதுவும் கிட்டவே வரக்கூடாது. நாளை விரிசல் ஒட்ட வேண்டி வந்தால் அந்த இடத்தில் பசை பிடிக்காது.