எடை குறைந்த பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே சிறிய ஸ்பீக்கர் செய்தால் ஒலி நன்றாக இருக்குமா?

மரம் அறுக்கவோ இழைக்கவோ வசதியில்லாத வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஃபோம் போர்டு, தெர்மாகோல், அட்டை ஆகியவற்றை மட்டுமே வைத்துக் குறைந்த செலவில் ஸ்பீக்கர் செய்ய முடியுமா, கனமான பலகை இல்லாவிட்டால் ஒலி கெட்டுவிடாதா என்பதுதான் கேள்வி. முடியும், ஒலியும் கெடாது. ஒரு சிறிய அறையில் மிதமான ஒலியளவில் பாட்டும் பேச்சும் கேட்பதற்கு, கவனமாகச் செய்யப்பட்ட மூன்று லிட்டர் ஃபோம் போர்டு பெட்டி, கடைகளில் மலிவாக விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டிகளைவிடத் தெளிவாகவே பாடும். நான் பல ஆண்டுகளாக இப்படிப் பெட்டிகளைச் செய்து, உறவினர் வீடுகளுக்கும் தெருவில் நடக்கும் டியூஷன் வகுப்புக்கும் கொடுத்து வருகிறேன் என்பதால், அந்த அனுபவத்தையும் அதற்குப் பின்னால் உள்ள காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒலியை உண்டாக்கும் ஸ்பீக்கரையே, அதாவது கோனும் (அசையும் கூம்பு) காயிலும் (கம்பிச் சுருள்) காந்தமும் கொண்ட உறுப்பையே, காகிதக் கோப்பையிலும் செம்புக் கம்பியிலும் செய்து காட்டும் காணொளிகள் நிறைய உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் தத்துவத்தைப் புரிந்துகொள்வதற்கு அதைவிடச் சிறந்த வழியில்லை. 0.2 மி.மீ. எனாமல் கம்பியில் ஏறக்குறைய ஏழரை மீட்டரைச் சுற்றினால் நான்கு ஓம் மின்தடை கிடைக்கும். ஆம்ப்ளிஃபயருக்கும் கேடு வராது. ஆனால் தொழிற்சாலையில் செய்த ஸ்பீக்கரில் காயில், இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய இடைவெளியில் அசைகிறது. காந்தப்புலம் முழுவதும் அந்த இடைவெளியில் குவிக்கப்பட்டிருக்கிறது. கோப்பையின் அடியில் ஒட்டிய காயிலுக்கு முன்னால் வெறும் காந்தத்தை வைத்தால் புலம் காற்றில் சிதறிப்போய், கொடுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒலியாக மாறும். ரைஸ், கெல்லாக் என்ற இருவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கி 1925இல் வெளியிட்ட அமைப்பே இன்றுவரை பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை. அதன் நுட்பத்தை வீட்டு மேசையில் எட்டுவது கடினம். ஆகவே ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியை மட்டும் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. காயலான் கடையில் கிடக்கும் பழைய படக்குழாய் டிவிக்குள் பெரும்பாலும் எட்டு ஓம் ஸ்பீக்கர் இருக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மூன்று அங்குல ஸ்பீக்கரைப் புதிதாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

வாங்கிய ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்தும் முன், கையில் பிடித்தபடியே ஒரு பாட்டை ஓடவிட்டுக் கேளுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 1.7 மீட்டர் என்பதால், அவ்வளவு நீண்ட அலைகளுக்கு மூன்று அங்குல விளிம்பு ஒரு தடையே இல்லை. முன்னும் பின்னும் கிளம்பும் அலைகள் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஓர் அட்டையில் வட்டமாகத் துளையிட்டு அதன்மேல் ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்த உடனே குரலுக்குக் கனம் வந்துவிடும். பெட்டி செய்யும் முதல் வேலை பின்பக்கம் கிளம்பும் இந்த அலையை அடைத்து வைப்பதுதான். அதற்குக் காற்றுப் புகாத மூட்டுகள் தேவையே தவிர, எடை தேவையில்லை.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் கனமான பலகையைத் தேடுகிறார்கள்? இரண்டு காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. கோன் முன்னும் பின்னும் அடிக்கும்போது எதிர்விசையால் பெட்டியும் ஆடும் என்பது ஒன்று. மூன்று அங்குல ஸ்பீக்கரில் அசையும் பகுதி இரண்டு அல்லது மூன்று கிராம்தான். காந்தத்தோடு சேர்ந்த பெட்டி அரைக் கிலோவாவது இருக்கும். ஆகவே பெட்டியின் அசைவு கோனின் அசைவில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான், இந்த அளவில் அது பொருட்படுத்தத்தக்கதல்ல. பெட்டியின் சுவர்களே அதிர்ந்து தமக்கென ஓர் ஒலியைச் சேர்க்கும் என்பது இரண்டாவது காரணம். இதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒரு தகடு எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும் என்பதை அதன் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. எடைக்கு எதிராக விறைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இரண்டு காகிதத் தோல்களுக்கு நடுவே நுரை வைத்த ஃபோம் போர்டு, தன் எடைக்கு மிக விறைப்பானது. அதைவிட முக்கியமானது அளவு: தகட்டின் நீள அகலங்களைப் பாதியாகக் குறைத்தால் அதன் அதிர்வெண் நான்கு மடங்காகிறது. பெரிய பெட்டிக்குத் தகாத ஃபோம் போர்டு, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சுவர்களுக்கு நன்றாகப் பொருந்துவது இதனால்தான்.

எடை கூடினால் ஒலி கூடும் என்ற நம்பிக்கையைத் தொழில்முறை ஒலியுலகமே ஒரு காலத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிபிசியின் ஆய்வுப் பிரிவில் ஹார்வுட் முதலானோர், தடித்த பலகைகளைவிட, மெல்லிய பிளைவுட்டின் உட்புறத்தில் அதிர்வை உறிஞ்சும் பட்டைகளை ஒட்டிய பெட்டிகள் குரலைக் கறைபடுத்தாமல் தருகின்றன என்று கண்டார்கள். 1970களில் அங்கே உருவான எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரின் சுவர் வெறும் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட், உள்ளே தார் கலந்த பட்டைகள். இன்றும் பலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதிர்வே இல்லாத சுவர் என்று எதுவும் கிடையாது என்பதும், வருகிற அதிர்வை விரைவில் அடக்கும் பொருளைச் சுவரோடு சேர்ப்பதே வழி என்பதும் அவர்கள் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள்.

இனி செய்முறை. கட்டடக்கலை மாணவர்கள் மாதிரிகள் செய்யப் பயன்படுத்தும், இருபுறமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டு எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். உள்ளளவு 18 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம், 11 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டருக்கு ஒரு துளி குறைவாக வரும். மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருப்பது நல்லது. சம அளவுள்ள கனசதுரத்தில் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி உள்ளே எழும் நிலையலைகள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் குவிந்து அங்கே ஒலி குடைவது போலாகிவிடும். நான்கு சுவர்களையும் தனித்தனியாக வெட்டி ஒட்டுவதைவிட, 70 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் கொண்ட ஒரே பட்டையை எடுத்து, பலகைத் தடிமனுக்காகப் பக்கத்துக்கு ஒரு செ.மீ. சேர்த்து 19, 16, 19, 16 என்று குறித்து மடிப்பதே எனக்குப் பிடித்த முறை. ஒவ்வொரு குறியிலும் மேல் காகிதத்தையும் நுரையையும் இருபுறமிருந்தும் 45 பாகைச் சாய்வில் வெட்டி, ஆங்கில 'வி' வடிவப் பள்ளமாக எடுத்துவிட வேண்டும். அடிக்காகிதத்தில் மட்டும் கத்தி படக்கூடாது. பட்டையின் இரு முனைகளையும் அதே சாய்வில் சீவிக்கொள்ள வேண்டும். பிறகு பள்ளத்தில் ஃபெவிகால் தடவி மடித்தால், வெளிக்காகிதமே கீல் போல நின்று, மூலை இடைவெளியில்லாமல் வந்து பொருந்தும். கத்தியின் முனையை அடிக்கடி உடைத்துப் புதுமுனை எடுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய முனை நுரையை வெட்டாது, பிய்த்துவிடும். இங்கே பசை விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நீரில் கரையும் வெள்ளைப் பசையைத் தவிர வேறு எதையும் நுரையின் பக்கம் கொண்டுவரக் கூடாது. செருப்புக்கும் ரெக்சினுக்கும் ஒட்டும் கரைப்பான் பசைகள் பாலிஸ்டைரின் நுரையைக் கண்முன்னே கரைத்துக் குழியாக்கிவிடும்.

முன்பலகையை மட்டும் 4 அல்லது 6 மி.மீ. பிளைவுட்டில் செய்யுங்கள். காந்தத்தின் எடையைத் தாங்குவதும் திருகாணியைப் பிடித்துக்கொள்வதும் நுரையால் ஆகாத காரியம். அந்தச் சிறிய துண்டைத் தச்சுப் பட்டறையில் வட்டத் துளையோடு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். பின்சுவருக்கு நடுவே, குறுக்காக ஒரு ஃபோம் போர்டு பட்டையை நிமிர்த்தி ஒட்டி, 18 செ.மீ. நீளத்தை இரண்டாகப் பிரித்தால் அச்சுவரின் அதிர்வெண் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்கிறது. இவ்வளவு சிறிய உழைப்புக்கு இவ்வளவு பெரிய பலன் இந்த வேலையில் வேறெங்கும் கிடைப்பதில்லை. வெளிப்புறம் முழுவதும் பழைய வேட்டித் துணியை ஃபெவிகாலில் நனைத்து, சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். காய்ந்த பிறகு விரல் கணுவால் தட்டிப் பார்த்தால், முன்பு 'டங்' என்று நீண்ட ஒலி இப்போது 'டொக்' என்று அங்கேயே நின்றுவிடுவதைக் கேட்கலாம்.

உள்ளே நிரப்புவதற்குத் தலையணையில் வரும் பாலியெஸ்டர் பஞ்சு போதும். இலவம் பஞ்சும் ஒலியை நன்றாகவே உறிஞ்சுகிறது, ஆனால் அதன் இழைகள் மிக மெல்லியவை. காயில் இடைவெளிக்குள் புகுந்துவிடாமல் மெல்லிய துணியில் சுற்றி வைக்க வேண்டும். எதுவானாலும் திணிக்காமல் தளர்வாக நிரப்புங்கள். மூடிய பின், கோனைச் சுற்றிலும் விரல் நுனிகளை வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். அது சற்றுத் தயங்கி மீண்டால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. உடனே துள்ளி வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கனத்த தாளம் உள்ள பாட்டை ஓடவிட்டு, ஈரக் கையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால் குளிர்ச்சி படும் இடமே ஓட்டை.

பலர் பேஸ் (அடிச்சுருதி) வேண்டும் என்று பெட்டியில் காற்று போய்வரும் குழாய் வைக்கத் துடிக்கிறார்கள். குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் ஸ்பீக்கரின் அளவெண்களைக் கொண்டுதான் கணக்கிட முடியும். நெவில் தீல் 1961இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்துத் தந்த முறை அது. பழைய டிவியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கருக்கு அந்த எண்கள் எங்கும் அச்சிடப்பட்டிருக்காது. கணக்கில்லாமல் வைத்த குழாய் பெரும்பாலும் உப்பிய ஒரே சுருதியைத்தான் தரும், எனவே மூடிய பெட்டியே உங்களுக்கு ஏற்றது. ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள எட்டு அங்குல சப்வூஃபருக்கு இந்தப் பொருள்கள் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உள்ளழுத்தம் மிகுதி, சுவர்களும் அகலம், பலகைதான் வேண்டும்.

தெர்மாகோலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பெட்டியாக்குவதைவிட, தகட்டையே ஒலிக்க வைப்பது சிறந்தது. பிரிட்டனின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பில் ஹெலிகாப்டர் இரைச்சலைக் குறைப்பதற்காக இலேசான, விறைப்பான தகடுகளைச் சோதித்தபோது, அவை ஒலியை அடக்குவதற்குப் பதிலாக மிக நன்றாகப் பரப்புவது கண்டறியப்பட்டு, 1990களில் என்.எக்ஸ்.டி. என்ற பெயரில் வணிகத்துக்கு வந்தது. கோன் இல்லாத எக்ஸைட்டர் என்ற சிறு உறுப்பைத் தகட்டின் முதுகில் ஒட்டினால் தகடு முழுவதும் அதிர்ந்து பாடும். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில், குருணை நெருக்கமான அடர்த்தி மிகுந்த தெர்மாகோலாகக் கேட்டு வாங்கி, இருபுறமும் நீர் கலந்த ஃபெவிகாலைப் பூசிக் காயவைத்து, உப்புத்தாளால் தேயுங்கள். எக்ஸைட்டரை நட்ட நடுவில் ஒட்டக் கூடாது. அங்கே தகட்டின் பல அதிர்வுகள் கிளம்பவே மாட்டா. நீளத்தில் ஏழில் மூன்று பங்கு, அகலத்தில் ஒன்பதில் நான்கு பங்கு என்ற புள்ளி, அதாவது ஒரு மூலையிலிருந்து 25.7 செ.மீ., 20 செ.மீ., நல்ல இடம். தகட்டை இரு நூல்களில் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் எக்ஸைட்டரின் பசை இளகி விழக்கூடும் என்பதால் அதன் முதுகுக்கு ஒரு மரச் சட்டத்தின் தாங்கல் கொடுங்கள். குரலும் வீணையும் வயலினும் அறை முழுவதும் பரவி ஒலிப்பதில் இதற்கு ஈடு குறைவு. ஆழ்ந்த பேஸ் இதிலிருந்து வராது. தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும், ஆகவே பூசை விளக்குக்கு அருகே வேண்டாம்.

எக்ஸைட்டரானாலும் மூன்று அங்குல ஸ்பீக்கரானாலும், அதனால் பாட முடியாத அடிச்சுருதிகளை அதற்கு அனுப்பாமல் இருந்தால் ஒலி தெளிவடையும், ஆயுளும் கூடும். 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்) இரண்டை, மைனஸ் முனைகள் ஒன்றையொன்று தொடும்படி தொடராக இணைத்தால், பிளஸ், மைனஸ் வேறுபாடில்லாத 235 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கிடைக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கரோடு தொடரில் வைத்தால் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கு, ஐந்து வோல்ட்டில் இயங்கும் பி.ஏ.எம். 8403 என்ற சிறு சர்க்யூட் பலகை போதும். அதில் இரு பக்கத்து மைனஸ் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், பலகை கெட்டுவிடும். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் முன், மின்தேக்கியைச் சேர்க்காமல், ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு கணம் தொட்டு, கோன் வெளியே வரும்போது பேட்டரியின் பிளஸ் பட்ட முனையில் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சிவப்பு முனை ஆம்ப்ளிஃபயரின் பிளஸ்ஸுக்கே போக வேண்டும். ஒன்று மாறிப் போனாலும் பாடகர் குரல் நடுவில் நிற்காமல் சிதறும், இருக்கிற பேஸும் போய்விடும்.