குழம்பில் கலக்காதீர்கள்: குடி, போதை சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

குடி, போதை மாத்திரைப் பழக்கம் பற்றி நம் வடசென்னைக்காரர்கள் கேட்டவை இவை. போதை மறுவாழ்வு ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசிமேடு: வீட்டுக்காரர் லாஞ்சுக்குப் போகிறவர். கரைக்கு வந்தால் குடிதான். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே சார்?

வேண்டாம்மா. நீங்கள் சொல்வது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால், சாராயத்திலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு ரத்தத்தில் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் சட்டென்று இறங்கும். உயிரேகூடப் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்தவர் சரக்கைத் தொடப் பயப்படுவார். தெரியாதவர் வழக்கம்போல் குவார்ட்டர் வாங்குவார். கடலுக்கு நடுவில் இப்படி ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

எங்களிடம் வந்த ஒருவர், காலை டீ குடிக்கும்போது மனைவி கண்ணெதிரே தானே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலண்டரில் அன்றைய தேதியை அடிப்பார். கொடுத்தால் அப்படித்தான் கொடுக்க வேண்டும். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட்டும் இருக்கின்றன. எது சரி என்று ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார்.

வியாசர்பாடி: அப்பா 20 வருடமாகத் தினமும் குடிக்கிறார். இன்றோடு நிறுத்துகிறேன் என்கிறார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

மனசு வந்ததே பெரிய விஷயம் தம்பி. ஆனால் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், டம்ளர் தண்ணீர் தளும்பும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், உயிர் போகிற நிலை அது. ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ இன்றே அழைத்துப் போங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

புளியந்தோப்பு: மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தான். இப்போது ப்யூப்ரினார்ஃபின் கொடுக்கிறார்கள். ஒரு போதை போய் இன்னொரு போதையா?

இல்லைம்மா. நாக்கடியில் வைத்துக் கரையவிடும் அந்த மாத்திரை, உடம்புவலியையும் தவிப்பையும் அடக்கும். ஓர் அளவுக்கு மேல் போதை ஏறாது. அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள். ஊசியை விட்டு இருந்தவன் பழைய அளவையே மறுபடி ஏற்றினால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

தண்டையார்பேட்டை: மாத்திரை இருக்கும்போது கவுன்சலிங் எதற்கு?

சனிக்கிழமை சம்பளம் கையில் இருக்கும்போது கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது, டாஸ்மாக் இல்லாத எந்தச் சந்து வழியே வீடு திரும்புவது என்பதை மாத்திரை சொல்லித்தராது. அதையெல்லாம் உட்கார்ந்து பேசித்தான் பழக வேண்டும். அப்புறம், முதல் தடவை வீட்டிலிருந்து ஒருவர் கூட வாருங்கள். ராத்திரியில் தவிப்பாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.