விராலுக்கு ஏன் இந்த மவுசு?

கேள்வி: எங்கள் ஊர்க் குளக்கட்டில் தூண்டிலோடு நிற்பவர்களுக்கு விரால் என்றால் உயிர். திலாப்பியா பை நிறையக் கிடைத்தாலும் முகம் மலர்வதில்லை. கறிக்கு மீன்தானே வேண்டும்? வலையைப் போட்டால் வேலை முடிந்ததே! – ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: கறிக்கு மீன் வேண்டியவர் சந்தைக்குப் போவார். குளக்கட்டில் வெயில் காய்பவர் வேறு ரகம்.

திலாப்பியாவை நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். ஆபிரிக்காவின் மீன், 1952இல் இலங்கைக்கு வந்தது. இன்று இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று குளத்து மீனவர் பலரின் அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. ஆனால் தூண்டில்காரருக்கு அது மண்புழுவைக் கொறித்துக் கொறித்து மிதப்பை ஆட்டும் மீன், அவ்வளவுதான். நெஞ்சு படபடக்காது.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றை விழுங்க அடிக்கடி மேலே வந்தே ஆகவேண்டும். தாமரை இலைகளுக்கு நடுவே 'ளப்' என்று ஒரு சத்தம், தண்ணீரில் ஒரு வளையம். ஆள் இங்கேதான் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். தெரிந்தும் இலேசில் பிடிபடமாட்டார்! தவளையைக் கொக்கியில் கோத்து, அந்த இடத்தில் துள்ளத் துள்ள இழுக்க வேண்டும். கவ்வினாலும் நிச்சயமில்லை, அடுத்த கணமே தண்டுகளுக்குள் ஓடித் தங்கூசி நூலைச் சுற்றிவிடும். வலையில் இதெல்லாம் ஏது? வலையில் சிக்கி மேலே வரமுடியாத விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். மீன்தான், ஆனாலும் அப்படித்தான்.

அதே குளத்துச் சுங்கான் மீனைப் பற்றி நீங்கள் கேட்காதது நல்லது. அதன் முள்ளில் விஷம் இருப்பது கொக்கியைக் கழற்றும்போதுதான் பலருக்கு ஞாபகம் வரும்.

சரி, உங்கள் ஊர் வீரர்களிடம் ஒன்று கேளுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே நெளிவதைக் கண்டதும் அதன் நடுவில் தூண்டிலை வீசுகிறார்களே, அதில் என்ன திறமை? கீழே காவல் நிற்கும் விரால் பசியில் கவ்வுவதில்லை; குஞ்சை நெருங்குவதை அடிக்கப் பாய்கிறது. சின்னப் பிள்ளை வீசினாலும் மாட்டும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரை. அப்புறம் அடுத்த வருசம், "குளத்தில் விராலே இல்லை, எல்லாம் முதலை தின்றுவிட்டது" என்று இவர்களே வந்து புலம்புவார்கள். முதலைக்கு ஏன் அந்தப் பழி?