எந்த மலை, எந்தப் பக்கம்?

வாசகர் கேள்வி – பதில்

வேலையோடு மலையகத்துக்குக் குடிபெயர நினைக்கும் வன்னி வாசகர்களின் கடிதங்கள் இந்த இதழில்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை. சனி, ஞாயிறில் மலை ஏறவும் காட்டுவழி நடக்கவும் ஆசை. சித்திரை விடுமுறையில் நுவரெலியா போய் வந்தோம், மிகவும் பிடித்துவிட்டது. அங்கேயே வீடு எடுக்கலாமா? ஹற்றன், பண்டாரவளை பற்றியும் சொல்லுங்கள். – ஒரு தம்பதி, கிளிநொச்சி

பதில்: சித்திரை நுவரெலியாவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அது அந்த ஊரின் கல்யாண மாதம். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி என்று ஊரே அலங்கரித்துக்கொண்டு நிற்கும். அதே ஊரில் ஆடி மாதம் ஒரு கிழமை தங்கிப் பாருங்கள். தோய்த்த உடுப்பு மூன்றாம் நாளும் ஈரத்தோடு கொடியில் கிடக்கும்.

ஊர் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது உயரத்தை. உயரம் குளிரை மட்டும்தான் சொல்லும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியா உங்கள் ஊரைவிடப் பன்னிரண்டு பாகையளவு குளிர். 1,225 மீற்றரிலுள்ள பண்டாரவளை எட்டுப் பாகையளவு. மழை எப்போது, எவ்வளவு என்பதை அறிய, ஊர் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு காற்றை வைத்தே இது விளங்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் நமக்குப் புழுதிக் காற்று. வன்னியில் அதை மறிக்க மலை இல்லை. கொண்டுவந்த ஈரத்தோடு தலைக்கு மேலால் போய்விடும். ஹற்றன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் அதே காற்று மலையில் முட்டி மேலே ஏறி, குளிர்ந்து கொட்டுகிறது. இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீரை எண்ணி எண்ணித் திறக்கிற மாதங்களில் ஹற்றனில் குடை மடங்காது. வட்டவளையின் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் உலர் வலயம் என்று கணக்கு. வன்னி அதற்குள் வருகிறது. மலை முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது சோளகம் காய்ந்துவிடும். பண்டாரவளை, வெலிமடை, பதுளைக்கு முக்கியமான மழை வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காலத்தில், ஐப்பசி முதல் தை வரை. அதாவது காலபோகத்துக்கு உங்கள் வயல் நனையும்போதுதான் அங்கும் நனையும்.

ஆகவே உங்களுக்கு எங்கள் தெரிவு பண்டாரவளை. கடைத்தெருவில் தமிழும் ஓடும். அப்புத்தளையும் எல்லவும் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை சுமார் 300 கிலோமீற்றர், 22 பகுதிகள். அதில் பல இந்தப் பக்கத்தால் போகின்றன. ஒரு பகுதி சராசரி 13, 14 கிலோமீற்றர். காலையில் பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து, மறுமுனையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீடு. ஹோட்டன் சமவெளிக்கு விடியவே வாகனம் பிடித்துப் போங்கள். உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பு வரை போய்த் திரும்பும் சுற்று ஒன்பது கிலோமீற்றர் வரும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கைப் புகார் மூடிவிடுவதால் பிந்திப் போகிறவர் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார். பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கம் நடங்கள். தை முதல் பங்குனி வரை மேற்குப் பக்கம் போங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை. அதற்கு வெளியே படிகளில் விளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை.

பண்டாரவளையின் குறை தண்ணீர். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியபோது சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. வீடு பார்க்கும்போது "ஆவணியில் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும்?" என்று சொந்தக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆயிரம் லீற்றர்த் தாங்கி இல்லாத வீட்டை எடுக்க வேண்டாம்.

இணையம்: வீட்டுக்காரர் "சிக்னல் இருக்கு" என்பார். முற்றத்தில் இருக்கும். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு நின்றால் உள்ளே ஒன்றும் வராது. நீங்கள் இருந்து வேலை செய்யப்போகும் அறைக்குள், கதவை மூடிக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு வேகத்தைச் சோதியுங்கள். எல்லோரும் படம் பார்க்கும் நேரம் அதுதான். ஃபைபர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்பதை, முற்பணம் கொடுக்குமுன் நிறுவனத்தில் நேரே கேட்டு உறுதிசெய்யுங்கள். காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழமை. ரூட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

கேள்வி: வன்னியை விட்டு அதிக தூரம் போக விருப்பமில்லை, அம்மா அப்பா இங்கே. ஆனால் மலை வேண்டும். – வவுனியா வாசகி

பதில்: மாத்தளை. ஏ9 வீதி கண்டியில் தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே வீதியில் தம்புள்ளை தாண்டினால் மாத்தளைதான். மாறி ஏறாமல் போகலாம். ஊர் 364 மீற்றரில்தான் இருப்பதால் பெரிய குளிர் இல்லை, சுவெட்டர் பெட்டியிலேயே கிடக்கும். ஆனால் றத்தோட்டைப் பக்கம் ஏறினால் ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை, நக்கிள்ஸ் மலைத்தொடர். அங்கே மழைக்காலத்தில் அட்டை அதிகம். காற்சட்டையை நீளக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்த அட்டையை இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேரும் அங்கேயே பார்க்கலாம்.

இன்னும் உயரே போகிறவர்களுக்கு: கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து பதுளைப் பாதைக்குக் கொழும்புக் கோட்டை வரை போக வேண்டியதில்லை, பொல்காவலையில் மாறலாம். அங்கே நிற்கிற ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துவிட்டே பயணச்சீட்டு எடுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் நியமனம் கிடைத்திருக்கிறது. வாடகை வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? – ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: வன்னியில் வீடு பார்க்கும்போது நிழல் தேடுவீர்கள். அங்கே வெயில் தேடுங்கள். காலை பத்து மணிக்குப் போய், படுக்கையறைக்குள் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். மலைச்சரிவை வெட்டி, வெட்டுமுகத்தோடு ஒட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவர் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். அலுமாரியைச் சற்று இழுத்துப் பின்னால் கையை வையுங்கள். சில்லென்று ஈரமும் கரும்புள்ளிப் பூஞ்சணமும் இருந்தால், புதுப் பெயின்ற் எத்தனை கோட் அடித்திருந்தாலும் வேண்டாம். இழுப்பு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இது ஒன்றே போதும் மறுக்க.

அடுத்தது சுடுதண்ணீர். மூன்று கிலோவாற் ஹீற்றர் 13 அம்பியர் இழுக்கும். அதற்குத் தனிக் கம்பி, தனி பிரேக்கர், மண்தொடுப்பு இருக்க வேண்டும். சாதாரண பிளக்கில் செருகியிருந்தால் கம்பி சூடேறி உருகும். மூன்று பேர் நாளுக்குக் கால் மணித்தியாலம் வீதம் குளித்தால் இரண்டேகால் அலகு, மாதத்துக்கு 67 அலகு. நம் கட்டண முறையில் அலகு கூடக்கூட விலையும் ஏறுவதால், வன்னியில் கட்டிய பில்லை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கேத்திலில் கொதிக்கவைத்து வாளியில் கலந்து குளித்தால் பாதியும் ஆகாது.

குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுக்கவே கூடாது. கரி நெருப்பில் புகை தெரியாது, மணமும் வராது. கார்பன் மொனொக்சைட் நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் போதும்.

குசினியில் மூன்று விடயம் மாறும். தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், ஆகவே பருப்பும் கடலையும் வேக நேரமெடுக்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் போக வேண்டாம். இரவு அரைத்த தோசை மா காலையில் புளித்திருக்காது. உழுந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அரைத்த மாவைக் கம்பளியில் சுற்றி, பெட்டிக்குள் சுடுதண்ணீர்ப் போத்தலோடு மூடிவையுங்கள். அப்படியும் பதினெட்டு மணித்தியாலம் கேட்கும். சனிக்கிழமைத் தோசைக்கு வெள்ளி மத்தியானமே அரைக்க வேண்டும். மூன்றாவதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: நெடுங்கேணியிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் நுவரெலியாவில் வெள்ளையாகக் கட்டிவிட்டது. கலப்படமா?

பதில்: இல்லை. 24 பாகைக்குக் கீழே நல்ல தேங்காய் எண்ணெயும் உறையும். வாய் அகன்ற போத்தலில் ஊற்றி வையுங்கள், கரண்டியால் அள்ளலாம்.

கேள்வி: எல்லவில் ஹோட்டல் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளையும் கொண்டுபோகிறேன். – இளைஞர், மாங்குளம்

பதில்: தம்பி, சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டாம். நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் ஊழியருக்குப் பிரிக்கிறார்களா, எப்படிப் பிரிக்கிறார்கள், தங்குமிடமும் சாப்பாடும் சம்பளத்தில் கழிபடுமா, ஐப்பசி கார்த்திகையில் சுற்றுலாப் பயணிகள் குறையும்போது வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம்; நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். நியமனக் கடிதத்தில் இது இருக்க வேண்டும். எல்லவில் வேலை மொழி சிங்களமும் ஆங்கிலமும். அறை வாடகை அதிகமாக இருந்தால் பண்டாரவளையில் தங்கிப் போய்வாருங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம், நாம் பயப்படுவது அதற்குத்தான். மாங்குளத்துச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் ஓடினாலும் வீதி தட்டை. பிரேக் பிடிப்பது மாடு குறுக்கே வந்தால் மட்டும். எல்ல–வெல்லவாய வீதியோ 30 கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அதை நாலாம் கியரில் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால், பாதி வழியில் டிரம் கொதித்துப் பிரேக் சூ வழுக்கத் தொடங்கும். கருகல் மணம் முதலில் வரும், பிறகு மிதி ஆழமாகப் போகும். அந்த மணம் வந்தவுடன் ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிரம் வெடிக்கும்.

சரியான முறை இது: அந்த ஏற்றத்தை ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ, அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். கிளச்சைப் பிடித்துக்கொண்டு உருளவிடாதீர்கள். எஞ்சின் பிடிப்பு போய்விடும். எஞ்சினை நிறுத்திப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற வழக்கம் வன்னியோடு போகட்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் கையை எடுங்கள். ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு. இரண்டு பேரோடு அந்த வீதியில் வேண்டாம். புகாரில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும், லோபீமில் ஓடுங்கள். புறப்படுமுன் பிரேக் சூ இரண்டும் மாற்றி, பின் டயரின் பட்டன் பாருங்கள்.

கேள்வி: மகள் குடும்பம் பதுளைப் பக்கம் வீடு எடுக்கிறது. மண்சரிவை நினைத்தால் நித்திரை வருவதில்லை. – தாயார், புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயன் வரிசைகள் காலை நேரத்தில் மண்ணுக்குள் போயின. ஆனால் மலையின் எல்லா இடமும் ஒன்றல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்கள் வைத்திருக்கிறது. காணி இலக்கத்தோடு அதன் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். காணி வாங்கிக் கட்டுவதானால் அவர்களுடைய அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

மகளை வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டிய மண் முகம் அணைசுவர் இல்லாமல் நிற்கிறதா, நிலத்தில் புது வெடிப்பா, மரமும் மின்கம்பமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுகிறதா, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குகிறதா அல்லது நிற்கிறதா? கடைசி இரண்டில் ஒன்றையாவது மழைக்காலத்தில் கண்டால் சாமான் எடுக்கவும் நிற்கக் கூடாது.

மழையை அவர்களே அளக்கலாம். பால்மா ரின் போல நேர்ச்சுவர் உள்ள ஒரு ரின்னை, கூரையும் மரமும் மறைக்காத திறந்த வெளியில், சாயாமல் கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்து, கொட்டிவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் ஏழரைச் சென்ரிமீற்றர் நிரம்பினால் விழிப்பு, பத்து என்றால் எச்சரிக்கை, பதினைந்து என்றால் வெளியேற வேண்டும். நிறுவனம் வைத்திருக்கும் 75, 100, 150 மில்லிமீற்றர் அளவுகள் இவைதான். இரவில் மழை நிற்காமல் பெய்தால் காலைவரை காத்திராமல் ரோச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117. எங்கே போய்த் தங்குவது, எந்த வழியால் போவது என்பதை மழைக்கு முன்பே ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். வழி ஓடையைக் கடந்து போனால் அது வழியல்ல.