காகிதப்பூ போன்சாய்: செதுக்கிய கட்டை மட்காமல் காப்பது எப்படி?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். என் காகிதப்பூ போன்சாயின் அடிமரத்தில் செதுக்கிய பகுதி கறுத்து, தொட்டாலே உதிர்கிறது. பட்டையிலும் பாசி படர்ந்திருக்கிறது. வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வார்னிஷ் மேலே மூடிக்கொண்டால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறாது. கட்டை கண்ணுக்குத் தெரியாமல் மட்கிக்கொண்டே போகும்.

போன்சாயாக வளர்க்கப்படும் ஊசியிலை மரமான ஜூனிப்பரின் செத்த கட்டையில் பிசின் உண்டு, பல ஆண்டுகள் தாங்கும். காகிதப்பூ அப்படியல்ல. அதன் தண்டில் கெட்டியான மரத்திசுவும் மென்மையான திசுவும் மாறி மாறி வளர்கின்றன. மென்மையானது முதலில் மட்குவதால், பழைய வெட்டுவாய் வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காகப் பிரிகிறது.

கறுத்த இடத்தைக் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி தடையில்லாமல் இறங்கினால் அந்த இடத்துக் கட்டை தேறாது. கெட்டியான கட்டை தட்டுப்படும்வரை சுரண்டி எடுங்கள். பிறகு குழியில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கி நின்றால், வெளிப்பக்கம் சரியும்படி ஒரு வழி செதுக்குங்கள். நம் ஊர் மழைக்கு எந்த மருந்தையும்விட இந்த வடிகால்தான் முக்கியம் என்பேன். செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட வாரங்களே உகந்தவை.

அடுத்தது, கட்டை மட்காமல் காக்கும் கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் (lime sulphur). தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடி, கட்டையை லேசாக நனைத்து, சிறு தூரிகையால் பூசுங்கள். உயிருள்ள பட்டையில் படக் கூடாது. விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சளாக இருப்பது வெயிலில் வெளுக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பதால் வெளியில் வைத்தே பூசுங்கள்; கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் அவசியம். வினிகரோ வேறு அமிலமோ கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, மரத்தை இறுகச் செய்யும் திரவத்தைக் கட்டை உறிஞ்சும் அளவுக்கு ஊட்டலாம். வரிசை மாறக் கூடாது. இறுகிய மரத்தில் கந்தகக் கரைசல் ஊறாது.

பட்டையிலுள்ள பாசிக்குத் தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் போதும். கம்பித் தூரிகை பட்டையின் வெடிப்புகளையே வழித்துவிடும். அந்த முதிர்ச்சி திரும்ப வர ஆண்டுகள் பிடிக்கும். பட்டை எங்காவது தளர்ந்திருந்தால் உடனே பிய்க்காதீர்கள். ஓரத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்து பழுப்பாக இருந்தால் அகற்றி, அடியில் கரையான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கும் இதே கந்தகக் கரைசலைப் பூசுங்கள்.